பொம்மைக்கு ஒன்பது கெஜம்

பார்பி அளவுப் பொம்மைக்கு ஒன்பது கெஜச் சேலை கட்ட எவ்வளவு துணி வேண்டும்? கணக்கு சுலபம் என்றுதான் நினைத்தேன். பொம்மையின் உயரம் பதினொன்றரை அங்குலம், அதாவது 29 செ.மீ. ஐந்தடிப் பெண்ணின் உயரம் 152 செ.மீ. ஏறக்குறைய ஐந்தேகால் மடங்கு. ஒன்பது கெஜம் 823 செ.மீ.; அதை ஐந்தேகாலால் வகுத்தால் 157 செ.மீ. நீளம். 45 அங்குல அகலத்துக்கு 22 செ.மீ. போதும். வெட்டி, ஓரம் மடித்து, கட்டிவிட வேண்டியதுதான்.

புனே கோத்ரூடில் எங்கள் எதிர்வீட்டு ஆஜி இந்தக் கணக்கைக் கேட்டுச் சிரித்தார். ஆஜி என்றால் மராத்தியில் பாட்டி. பேத்தியின் கல்யாணத்துக்கு ஜோடிப் பொம்மை தைத்துக்கொண்டிருந்தவர், "வெட்டிப் பாரேன்" என்று புதுப் பருத்தித் துணி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வெட்டினேன். நீளமும் அகலமும் கச்சிதம். கொசுவம் வைத்து இடுப்பில் செருகியதும் பொம்மை ஏழு மாதக் கர்ப்பிணிபோல வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது.

நீளத்தையும் அகலத்தையும் வகுத்த நான் துணியின் கனத்தை வகுக்கவில்லை. வகுக்கவும் முடியாது. சாதாரணப் பருத்தித் துணி கால் மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொள்வோம். பத்து மடிப்புக் கொசுவம் என்றால் இருபது அடுக்கு; அரை செ.மீ. பெண்ணின் இடுப்பில் அரை செ.மீ. யார் கண்ணுக்கும் தெரியாது. பொம்மையின் இடுப்பில் அதே அரை செ.மீ., நம் உடம்பில் இரண்டரை செ.மீ. கட்டையைச் செருகியதற்குச் சமம். அதோடு விட்டதா? முழு அளவுத் துணி தன் எடையால் தானே கீழே விழும். ஒரு சாண் துணிக்கு அந்த எடை கிடையாது. தன் விறைப்பிலேயே குடைபோல விரிந்து நிற்கும். துணியைச் சின்னதாக வெட்டலாம். துணி சின்னதாகாது.

மராத்தியர் நௌவாரி என்று சொல்லும் இந்தக் கட்டு நம் மடிசாருக்கு ஒன்றுவிட்ட அக்கா. இரண்டு கால்களையும் தனித்தனியே சுற்றிவந்து பின்னால் கச்சமாகச் செருகுவார்கள். அவர்கள் பேச்சில் அது காஷ்டா. ஆஜி இதைப் பொம்மைக்குக் 'கட்டுவது' இல்லை. முன்கொசுவம் ஒரு தனி விசிறி. இரண்டு கால்களும் இரண்டு குழல். காஷ்டா ஒரு பட்டை. முந்தானை ஒரு துண்டு. இடுப்பில் அடுக்கே கிடையாது. ஐந்து துண்டுகளும் ஒரு மெல்லிய ரிப்பனில் வந்து முடியும். பார்ப்பவருக்குக் கட்டிய சேலை. உள்ளே பார்த்தால் தைத்த உடுப்பு. இவ்வளவு செய்தும் துணி புதிதாக இருந்தால் சரிவராது என்றார். அவர் கையில் இருந்தது முப்பது வருஷப் பழஞ்சேலை ஒன்றின் உட்பகுதி. சேலையை மடியில் போட்டு, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, விரலால் தடவித் தடவி ஓர் இடத்தில் நிறுத்தினார். வெட்டியது அங்கேதான்.

இந்தக் கட்டுரைக்கு அந்த விரல்தான் காரணம். வீட்டில் உட்கார்ந்து பொம்மைக்கும் பிறந்த குழந்தைக்கும் சின்னச் சின்னதாகத் தைக்கும் வேலையை நாம் ஊசியின் திறமை என்றே பேசிவருகிறோம். புனே நகரம் அந்த ஊசியை முன்வைத்து நூறு வருஷத்துக்கு மேலாக வாதாடியிருக்கிறது. ஆனால் வேலையின் பாதி அறிவு ஊசியில் இல்லை, துணியில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆஜி தைத்த ஜோடிப் பொம்மை போய்ச் சேரப்போகும் இடத்துக்கு ருக்வத் என்று பெயர். கல்யாண மண்டபத்தில் மணமகள் வீட்டார் நீள மேசை போட்டு வைக்கும் கைவேலைக் கொலு அது. நம் சீர்வரிசைத் தட்டுகளும் நவராத்திரிப் படியும் கலந்தாற்போல் இருக்கும். பலகாரங்களின் பக்கத்தில் மணிவேலை, துணிப்பூ, குட்டிக் குடித்தனச் சாமான்கள், சப்தபதியின் ஏழு அடிக்கு ஏழு அலங்காரம், நௌவாரியும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை பெண் பொம்மை. பெண்ணின் கைத்திறனைச் சபை பார்க்கட்டும் என்பது பழைய நோக்கம். இப்போது ருக்வத்தை வாடகைக்குக் கொடுக்கிறார்கள். ஒரே பொம்மை ஜோடி ஒரு முகூர்த்த மாதத்தில் எத்தனை மண்டபம் பார்க்குமோ! இதைக் கேலியாகச் சொல்லவில்லை. வேலைக்குப் போகும் பெண் ராத்திரி கண்விழித்து மணி கோக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போட முடியாது.

ருக்வத்துக்கு முந்தைய ஒத்திகை குழந்தை விளையாட்டில் நடக்கும். பாத்துகலி என்ற சொப்பு விளையாட்டும் பொம்மைக் கல்யாணமும் மராத்தி வீடுகளில் சேர்ந்தே போகும். 18ஆம் நூற்றாண்டில் நாரோ அப்பாஜி துளசிபாக்வாலே எழுப்பிய ராமர் கோயிலைச் சுற்றி வளர்ந்த துளசிபாக் சந்தையில் பித்தளைச் சொப்பு இன்றும் வாங்கலாம். லேஸ், ஜரிகைப் பட்டை, பட்டன் வகைக்குப் பக்கத்திலேயே ரவிவார் பேட்டையின் போஹ்ரி ஆளி. சொப்பைக் கடையில் வாங்கலாம், ஆனால் பொம்மையின் துணிமணி வீட்டில்தான் தைத்தாக வேண்டும். மணமக்கள் நடுவே பிடிக்கும் அந்தர்பாட் திரைக்குக் கைக்குட்டை அகலத் துணி. நெற்றியில் கட்டும் முண்டாவளிக்குக் கடுகு மணி. பொம்மை, 'டகீ' என்ற மரப்பொம்மையாக இருக்கலாம். பெரும்பாலும் கந்தலைச் சுருட்டிச் செய்த துணிப்பொம்மைதான்.

நம்மவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சி ஜோடியைப் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தனுப்பி, வருஷாவருஷம் கொலுவுக்கு முன் அதற்குப் புது உடுப்பு போடும் வழக்கம் தெரிந்ததே. கட்கியில் 1869இல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலையும் ராணுவக் குடியிருப்பும் புனேக்குக் கொண்டுவந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அந்த மரப்பாச்சியும் கூடவே வந்திருக்கும். உலகமெங்கும் இதே கதைதான். பின்னாளில் இந்தியாவின் பேரரசி என்று பட்டம் சூட்டிக்கொண்ட விக்டோரியா, சிறுமியாக இருந்தபோது சிறிய மரப்பொம்மைகள் 132 வைத்திருந்தார். அவற்றில் 32க்குத் தன் கையாலேயே துணி தைத்தவர். மீதியைத் தைத்ததில் அவருடைய ஆசிரியை லேசனுக்குப் பெரும் பங்கு.

தையல் நுட்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பொம்மை ஜாக்கெட்டின் கைச்சுற்று ஆறு செ.மீ.கூட வராது. ஒவ்வொரு ஓரத்திலும் நாம் வழக்கமாக விடும் அரை அங்குலத்தை விட்டால் கைக்குள் துணிதான் இருக்கும், கை போகாது. மூன்று மில்லிமீட்டர் விட்டால் நூல் பிரிந்து தையல் ஓடிவிடும். ஆஜி ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து, தீக்குச்சியால் தொட்டு ஓரத்தில் இழுத்துக் காயவிட்டு அப்புறம் ஊசியை எடுக்கிறார். பக்கத்தை மூடிவிட்டு அப்புறம் கையை வைக்கும் முறை இங்கே எடுபடாது. துணி தட்டையாக இருக்கும்போதே கையைத் தோளோடு இணைத்து, பிறகு மணிக்கட்டிலிருந்து இடுப்புவரை ஒரே ஓட்டமாக மூட வேண்டும். திருப்புவதற்குக் கொண்டை ஊசி. மிஷின் உதவாது, மிஷினின் பாதமே ஜாக்கெட்டின் முதுகில் பாதி.

மிஷின் என்றதும் காந்தி நினைவுக்கு வருகிறார். 1924 ஜனவரியில் எரவாடா சிறையிலிருந்து புனே சசூன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டு அவருக்குக் குடல்வால் அறுவை நடந்தது. அதே வருஷக் கடைசியில் ராமச்சந்திரன் என்ற சாந்திநிகேதன் மாணவரோடு நடந்த உரையாடலில் எல்லா இயந்திரத்தையும் எதிர்க்கிறீர்களா என்ற கேள்வி வந்தபோது, சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சலிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அன்பினால் சிங்கர் கண்டுபிடித்தது அது என்பது அவர் சொன்ன காரணம். ஐசக் சிங்கர் 1851இல் காப்புரிமை வாங்கியவர்; பல பெண்களிடம் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பெற்றவர்; பணத்தின்மேல் குறியாக இருந்ததை மறைக்காதவர். காந்தி கேள்விப்பட்ட கதை கதைதான். ஆனால் வீட்டுத் தையலுக்கு அன்பு என்ற ஒரே விளக்கம் எவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு அந்தக் கதை நல்ல சாட்சி.

பழந்துணிக்கு வருவோம்.

மராத்தி வீட்டில் குழந்தை பிறந்தால் பன்னிரண்டாம் நாள் பெயர் சூட்டும் பாரஸே சடங்கு. அதை ஒட்டித் தாய்க்கும் சேய்க்கும் தரும் பரிசுத் தொகுப்பு பாளந்த்விடா. அதில் இருப்பவை: நாமும் ஜப்லா என்றே சொல்லும் ஜபலம்; தலைக்கு டோபரம்; சுற்றிப் படுக்கவைக்க துபட்டம்; தலையிலிருந்து முதுகுவரை விழும் முக்காட்டு உடுப்பான குஞ்சி. (சங்கத் தமிழில் குஞ்சி என்றால் ஆண்களின் தலைமுடி, மராத்தியில் அந்தத் தலையை மூடும் துணி. சொல்லுக்குச் சொல் உறவுண்டா என்ற ஆராய்ச்சிக்கு நான் போகவில்லை, ரசித்துவிட்டுப் போகிறேன்.) குஞ்சியைப் பைட்டணிப் பட்டில் பகட்டாகத் தைப்பார்கள். அது போட்டோவுக்கு. குழந்தை நாள்முழுக்கக் கிடப்பது துபட்டத்தில். நான்கைந்து அடுக்குப் பழஞ்சேலையை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஓரத்தில் தொடங்கி உள்நோக்கி வரிவரியாக நூலோட்டி முடிப்பார்கள். அதே வேலையைப் பெரிதாகச் செய்தால் கோதடி. குளிர்காலத்தில் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும் புனேயில் கோதடி தேவைக்குத்தான், அலங்காரத்துக்கு அல்ல.

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாதே, தாத்தாவின் பழைய வேட்டியில் சுற்று என்பது நம் பக்கமும் உண்டு. பலர் இதைத் திருஷ்டிக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். துணியின் கணக்கு வேறு. நெசவுக்கு முன் பாவு நூலுக்கு ஏற்றிய கஞ்சி முதல் சில சலவைகளில் போய்விடும். அதற்கப்புறம் வருஷக்கணக்கில் துவைத்து, அடித்து, பிழிந்து, வெயிலில் காயக் காய, இழையின் முறுக்கும் இழைக்கு இழை உள்ள பிடிப்பும் தளரும். தளர்ந்த இழை வளையும், படியும், ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சும். கிழிவதற்குச் சற்று முன்னால் பருத்தி எவ்வளவு மென்மையோ அவ்வளவு மென்மை அதற்கு வாழ்நாளில் வேறெப்போதும் இருந்ததில்லை. அந்த நேரத்தில் அதைப் பிடித்து, பலமில்லாத நான்கு அடுக்குகளை நூலோட்டத்தால் பிணைத்துவிட்டால், ஒன்று தாங்காததை நான்கும் பகிர்ந்து தாங்கும். மென்மை போகாமல் பலம் மட்டும் திரும்பி வருகிறது. புதுத்துணியால் இதைச் செய்யவே முடியாது. கடையில் காசு கொடுத்தும் வாங்க முடியாது. ஒருத்தி இருபது வருஷம் உடுத்தியிருந்தால்தான் அந்தத் துணி உண்டாகும். பொம்மையின் கொசுவம் விழுவதும் குழந்தையின் தோல் சிவக்காமல் இருப்பதும் ஒரே காரணத்தால்தான்.

மகாராஷ்டிரத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கிளைக்கதை உண்டு. கிருஷ்ணனின் விரல் அறுபட்டு ரத்தம் வருகிறது. கட்டுப்போட ஒரு கந்தல் கேட்டால் தங்கை சுபத்திரை, வீட்டில் இருப்பதெல்லாம் பட்டும் சால்வையும், கந்தலுக்கு எங்கே போவது என்கிறாள். திரௌபதி தன் பீதாம்பரத்தையே சர்ரென்று கிழித்துக் கட்டுகிறாள். பின்னாளில் சபையில் அவளுக்குச் சேலை வளர்ந்தது இந்தக் கந்தலின் வட்டி என்று கதை முடியும். சானே குருஜியின் நாவலை வைத்து ஆச்சார்ய அத்ரே எடுத்த 'ஷ்யாம்சி ஆயி' படத்தில் (1953) இக்கதை பாட்டாகவே வருகிறது. கிழிந்த துணிக்கு மராத்தியில் சிந்தி என்று பெயர். அந்தச் சொல்லுக்கு இழிவும் உண்டு, இந்தக் கதையால் ஒரு பெருமையும் உண்டு.

இனி வாதத்துக்கு. 1884இல் சீர்திருத்தவாதிகளான ரானடேயும் பண்டார்கரும் முன்நின்று புனேயில் பெண்களுக்கான உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கினார்கள். பின்னாளில் ஹுஜூர்பாகா என்று பெயர் பெற்றது. பெண்ணுக்கு ஆங்கிலமும் உயர்கல்வியும் எதற்கு, தாய்மொழியும் நெறிக்கல்வியும் ஊசிவேலையும் போதாதா என்ற பக்கம் திலகரின் பத்திரிகைகள் நின்றன. எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்களும் ஊசியைக் கீழே போடவில்லை. 1889இல் பம்பாயில் தொடங்கி அடுத்த வருஷம் புனேக்கு வந்த பண்டித ரமாபாயின் சாரதா சதனமும், பிறகு கேட்காவில் அவர் பஞ்சகாலத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு நடத்திய முக்தி இல்லமும் கைத்தொழிலைக் கற்றுக்கொடுத்தன. 1909இல் ரமாபாய் ரானடே தொடங்கிய புனே சேவா சதனத்தில் செவிலியர் பயிற்சியோடு தையல் வகுப்பும் நடந்தது. ஒருவருக்கு ஊசி பெண்ணை வீட்டில் நிறுத்தும் ஆணி. இன்னொருவருக்கு விதவையைச் சொந்தக் காலில் நிறுத்தும் கூலி. ஒழுக்கம், பிழைப்பு என்ற இரண்டு தட்டில்தான் தராசு ஆடியது. நான் இரண்டாவது தட்டின் பக்கம். அதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனாலும் தையல் பாடமாக மாறியபோது ஒன்று நழுவியது. பிரிட்டிஷ் தீவுகளின் பள்ளிகளில் அந்தக் காலத்து மாணவிகள் கையகலச் சட்டை, பாவாடை, காலுறை என்று பொம்மை அளவில் தைத்து நோட்டில் ஒட்டித் தேர்வுக்குக் காட்டினார்கள். நம் ஊரில் தையல் டிப்ளமா படித்தவர்கள் வீட்டில் இன்றும் அந்த மாதிரி ஒரு ஃபைல் பரணில் கிடக்கும். மிக நேர்த்தியான வேலை. ஆனால் எல்லாம் விறைப்பான புதுத்துணியில். தையலுக்கு மதிப்பெண் உண்டு. எந்தத் துணி எப்போது கனியும் என்பதற்கு மதிப்பெண் கிடையாது.

அந்த வாதம் சூடுபிடித்திருந்த அதே வருஷங்களில்தான் ஆனந்திபாய் ஜோஷி வாழ்ந்து முடித்தார். 1865 மார்ச் 31 பிறப்பு. 1883இல் அமெரிக்கா போய், பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் படித்து, 1886 மார்ச்சில் பட்டம் பெற்றார். 1887 பிப்ரவரி 26 அன்று புனேயில் காசநோயால் இறந்தபோது இருபத்திரண்டு வயதுகூட நிறையவில்லை. அஸ்தியின் ஒரு பகுதி அவரைத் தன் வீட்டில் வைத்துக் காத்த திருமதி கார்ப்பெண்டருக்குக் கப்பலில் போய், நியூயார்க் மாநிலத்தின் பொக்கீப்சியில் அந்தக் குடும்பத்து மயானத்தில் அடங்கியது. இதெல்லாம் பலர் எழுதியதுதான். அவர் தைத்த ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று புனே ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத் தொகுப்பில் இருப்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

அது கோதடி அல்ல. கிரேஸி குவில்ட் என்று அமெரிக்காவில் அப்போது தலைகால் தெரியாமல் பரவியிருந்த வகை. 1876இல் பிலடெல்பியா நூற்றாண்டுக் கண்காட்சியில் ஜப்பான் அரங்கைப் பார்த்தவர்களுக்கு ஒழுங்கற்ற கோணங்களின்மேல் மோகம் வந்தது. கீறல்விட்ட பீங்கான்போலப் பட்டும் வெல்வெட்டும் கோணல்மாணலாக வெட்டி ஓர் அடித்துணியில் பொருத்தி, இணைப்புகளின்மேல் எம்பிராய்டரி ஓட்டினார்கள். குளிருக்குப் போர்த்துவது அல்ல அது. சிநேகிதியின் உடுப்பிலிருந்து ஒரு துண்டு, ரிப்பன் துண்டு, பெயரெழுத்து, தேதி என்று நினைவுகளைத் தைத்துவைக்கும் விஷயம். உடற்கூறு படித்த கைதான் இதைச் செய்தது. ஊசியா உயர்கல்வியா என்று ஊரில் இவர்கள் அடித்துக்கொண்டிருந்தபோது, கேள்வியே பொருத்தமில்லை என்பதற்கான சான்று அட்லாண்டிக்கின் அந்தக் கரையில் தயாராகிக்கொண்டிருந்தது.

அது போய்ச் சேர்ந்த இடமும் பொருத்தம். தினகர் கேல்கர் (1896–1990) கண்ணாடிக் கடைக்காரர், கவிஞர். 1920 வாக்கிலிருந்து பாக்குவெட்டி, விளக்கு, சீப்பு, மைச்சிமிழ், பொம்மை என்று வீட்டுப் பெண்கள் கைபட்ட பொருள்களாகவே தேடித் தேடிச் சேர்த்தார். ஏழு வயதில் இறந்துபோன ஒரே மகன் ராஜாவின் பெயரை அதற்கு வைத்து, 1962இல் அருங்காட்சியகமாக்கி, 1975இல் அரசிடம் ஒப்படைத்தார். இன்று 20,000க்கும் மேற்பட்ட பொருள்கள். அரண்மனை வாளைச் சேர்ப்பவர்கள் நிறைய. பாக்குவெட்டியைச் சேர்க்க ஒரு தனி மனசு வேண்டும். ஆனாலும் அங்கே துபட்டத்தைத் தேடாதீர்கள் என்பேன். எங்கேயும் கிடைக்காது. குழந்தை மூத்திரத்தில் ஊறி, ஐந்து பிள்ளைகளைப் பார்த்து, கடைசியில் தரை துடைத்து மறைவதுதான் துபட்டத்தின் ஆயுள். பட்டுக் குஞ்சி பெட்டியில் தங்கும், துபட்டம் தங்காது. அருங்காட்சியகம் காட்டும் தையல் வரலாறு இந்த வகையில் எப்போதும் பட்டின் பக்கம் சாய்ந்ததே.

பொம்மைக்கு உடுத்துவது சிறுமிகளின் வேலை என்று இதுவரை எழுதியதை வைத்து நினைத்துவிடக் கூடாது. புரட்டாசியை ஒட்டிய பாத்ரபதத்தில், விநாயகர் வந்த சில நாளில், கௌரி வருகிறாள். அனுஷ நட்சத்திரத்தில் வரவேற்பு, கேட்டையில் பூஜை, மூலத்தில் வழியனுப்பு. கொங்கணஸ்தர் வீடுகளில் நீர்நிலையிலிருந்து எடுத்துவந்த கூழாங்கல்தான் கௌரி. தேசஸ்தர் வீடுகளில் முகம் மட்டும் உலோகத்திலோ மண்ணிலோ இருக்கும். உடம்பை வீட்டார்தான் உண்டாக்க வேண்டும். கம்பி ஸ்டாண்டு, டப்பா, தலையணை, பழந்துணி உருண்டை எல்லாம் வைத்துக் கட்டி, அதன்மேல் நிஜச் சேலையை உடுத்தி, இடுப்பை ஊசியால் பிடித்து, கொசுவத்தை நீவிவிடும்போது ஐம்பது அறுபது வயதுப் பெண்கள் ஒருவரையொருவர் அதட்டிக்கொள்வதைக் கேட்க வேண்டும். மூத்தவளுக்கும் இளையவளுக்கும் ஒரே உயரம் வர வேண்டும், இல்லாவிட்டால் வருஷம் முழுக்கப் பேச்சு. எதிர்வீட்டில் ஒருமுறை பின்னூசி பிடிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. கௌரியின் தோள் சரிந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் எனக்கு லட்டு உருட்டும் வேலை.

சங்கராந்தியில் இன்னொன்று. குழந்தைக்குக் கறுப்பு உடுப்பு தைத்து, சர்க்கரை முள்விட்ட எள் மிட்டாயை நூலில் கோத்து மாலை, கொலுசு, கிரீடம் செய்து போட்டு, தலையில் இலந்தைப்பழமும் கரும்புத்துண்டும் பொரியும் கொட்டும் போர்நஹாண். பண்டிகைக்குக் கறுப்பா என்று நம்மவர்கள் திகைப்பார்கள். குளிருக்கு இதம் என்பார்கள் இவர்கள். அந்த உடுப்பு ஒரே நாள்தான். மிட்டாயை எறும்பு பார்த்துக்கொள்ளும்.

வேடிக்கை என்னவென்றால், பொம்மைக்காக ஆஜி செய்த தந்திரம் இப்போது மனுஷிகளுக்கு வந்துவிட்டது. லக்ஷ்மி சாலைக் கடைகளில் 'தைத்த நௌவாரி' தொங்குகிறது. கொசுவம் தைத்தாயிற்று, காஷ்டா தைத்தாயிற்று, பைஜாமாபோலக் காலை விட்டு ஏற்றிக் கட்ட வேண்டியதுதான். கணபதி ஊர்வலத்தில் டோல் அடிக்கும் இளம்பெண்களுக்கும் கல்யாணத்துக்கு வரும் தோழிகளுக்கும் அது பெரிய வசதி. ஆஜிக்கு அதில் வருத்தம் இல்லை. அவருக்கு வருத்தம் வேறு.

அலமாரியைத் திறந்து காட்டினார். மருமகள் சேலைகள், பேத்தி சேலைகள், அடுக்கடுக்காக. பாலியெஸ்டர், ஜார்ஜெட், ஆர்ட் சில்க். பருத்தி காற்றின் ஈரத்தில் தன் எடையில் எட்டு சதவீதம்வரை பிடித்துவைக்கும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. அதைவிட முக்கியம், பாலியெஸ்டர் கனியாது. இருபது வருஷம் உடுத்தினாலும் வாங்கிய அன்று இருந்த வழவழப்பிலேயே கிழவியாகும். வேர்க்கும் குழந்தைக்கு அதில் துபட்டம் தைக்க முடியாது. பொம்மைக்கு வைத்தால் கொசுவம் வழுக்கி ஓடும். கைவேலை அழிகிறது என்று எழுதுபவர்கள் நேரமின்மையையும் ரெடிமேடையும் குற்றம் சொல்வார்கள். புனே வீடுகளில் நேரம் கிடைக்கிறது. ஓய்வுபெற்ற பெண்கள் நிறையப்பேர் நன்றாகவே தைக்கிறார்கள். சுபத்திரையின் வீடுபோல ஆகிவிட்டது நிலைமை. எல்லாம் இருக்கிறது, கந்தல் இல்லை. ஆஜியிடம் இப்போது மீந்திருப்பது நான்கு பருத்திச் சேலைகள். ஒன்று கொள்ளுப்பேரனுக்கு என்று முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார், பேத்திக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

விற்பனைக்குத் தைப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. கட்பீஸ் வாங்குவார்கள், மிஷினில் ஓட்டுவார்கள், குட்டிக் கிருஷ்ணனுக்கு உடுப்பு டஜன் கணக்கில் வரும். ஒரு பொம்மை நௌவாரிக்கு ஆஜிக்கு நான்கு மத்தியானம் ஆகிறது. மணிக்கு இவ்வளவு என்று கூலி போட்டால் பொம்மையைவிடத் துணி பல மடங்கு விலையாகும், யாரும் வாங்க மாட்டார்கள். அதனால்தான் அது பரிசாகவே நிற்கிறது என்று நினைக்கிறேன். மனசு பெரிதாக இருப்பதால் மட்டும் அல்ல, விலை சொல்ல வழியில்லாததாலும்.

என் இரண்டாவது முயற்சிக்கு ஊரிலிருந்து அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையைக் கொண்டுவந்தேன். மதுரையில் வாங்கியது, நிறம் போய்ப் பழுத்த துணி. ஆஜி தடவிப் பார்த்துத் தலையாட்டினார். வெட்டி வைத்துப் பார்த்தால் புதுச் சிக்கல்: துணிதான் சின்னதாகாது என்றால் புள்ளியும் சின்னதாகாது. சேலையில் மிளகுபோல இருந்த முடிச்சுப் புள்ளி பொம்மையின் மார்பில் பொத்தான்போல உட்கார்ந்தது. சேலை முழுவதையும் தரையில் விரித்து, புள்ளியில்லாத இடம் தேடினோம். கரையை ஒட்டி, தலைப்புக்கு எதிர்முனையில், அம்மா இடுப்பில் முதல் செருகு செருகும் இடத்தில், இரண்டு சாண் வெறும் துணி இருந்தது. அங்கேதான் மிகவும் பழுத்திருந்தது. கத்தரிக்கோல் படுமுன்பே விரல் இழுப்புக்கு நூல் வந்தது. ஆஜி ஊசியின் நுனியை எண்ணெயில் தொட்டு எடுத்து, பதினோரு மடிப்பு வைத்தார்.